பச்சை பக்கெட்

புதுப்பிக்கவா என்று அது கேட்டபோது
மணி ஐந்தே முக்கால்.
ஆம் என்று தட்டிவிட்டு
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.
படித்துப் பார்க்கவில்லை.
சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும்போதும் படிப்பதில்லை.

ஒன்பதரைக்கு அர்த்தனாரியின் போன்:
"ஏங்க, பக்கெட்டைக் காணோமுங்க."

எந்த பக்கெட்?

"பச்ச பக்கெட்டு. கீழ, இடது மூலைல, மூணாவது.
அதத் தட்டுனாத்தானங்க எடை விழும்?"

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதுமே
சேகோ ஆலையின் புளித்த வாசனை
ஸ்கூட்டருக்கு எதிரே வந்தது.
எடைமேடையிலிருந்து ஆத்தூர் ரோடு வரை லாரிகள்,
மண் உதிராத குச்சிக்கிழங்கு.
பேளூர்க்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பிடுங்கிய கிழங்கு காத்திருந்தால் பாயிண்டு இறங்கும்,
பாயிண்டு இறங்கினால் ரேட்டு இறங்கும்,
நான் படிக்காமல் தட்டிய ஓர் ஆம்
அவர் மூட்டைக் கணக்கில் கழியும்.

திரையில் எந்த ஊர் என்று தெரியாத ஒரு பனிமலை.
மெனு இருந்த இடத்தில் அதன் அடிவாரம்.
மவுஸை மூலைக்குக் கொண்டுபோனால்
ஜன்னல்கள் எல்லாம் பருந்தைக் கண்ட குஞ்சுகளாய்ச் சுருங்கி ஓடின.
படங்கள் சாம்பல் கோடுகளாகி
ஒரே சீருடையில் நின்றன.
பிரிண்டர் எது, கால்குலேட்டர் எது,
பெயரைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.
அர்த்தனாரி எண் மட்டும் படிப்பார்.
மற்றதற்கு இடமும் நிறமும் போதும்.
ஒன்பது வருடத்தில் ஒரு சீட்டு தப்பியதில்லை.

கருப்பு ஜன்னலைத் திறந்து
பழைய மெனுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பன்னிரண்டு சதவீதம்.
பதின்மூன்று.
வெளியே ஒரு ஹாரன்.
அதைக் கேட்டு எல்லா ஹாரனும்.

புள்ளியில் தொடங்கும் கோப்புகளை
இந்த இயந்திரம் கண்ணில் காட்டாது.
புள்ளி வைத்தால் உயிர் போய்விடும், வெறும் மெய்
என்றார்கள் ஒன்றாம் வகுப்பில்.
இங்கே புள்ளிக்குப் பின்னால்தான்
அத்தனை உயிரும் ஒளிந்திருந்தது:
பட்டியின் உயரம், எழுத்தின் பருமன்,
எதற்குப் பக்கத்தில் எது.
என்றோ எரிச்சலில் நான்
'முதலாளி கேட்டது' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் கூட.

ஒவ்வொன்றாய் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தன.
மூன்றாவது மட்டும் வரவில்லை.
வரைந்தவர் அதைக் கைவிட்டுவிட்டார் போல.
அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதம்,
மூலை மடிந்து.

சரி, நாமே வரைவோம்.
பச்சை. அகன்ற வாய், குறுகிய அடி, வளைந்த பிடி.

"பிடி கெடையாதுங்க" என்றார் என் தோளுக்குப் பின்னாலிருந்து.
அழித்தேன்.
"அடியும் வாயும் ஒரே அகலம்.
நடுவுல ரெண்டு வரி."

அப்போதுதான் பிடிபட்டது.
தகவல் சேர்த்துவைக்கும் இடத்துக்கு
யாரோ போட்ட குறி அது,
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று தட்டு.
பகலெல்லாம் அதைத் தட்டிய நான்
எத்தனை வரி என்று பார்த்ததில்லை.
பக்கெட் என்று பெயர் வைத்தவர் பார்த்திருக்கிறார்.
ஒன்றும் சொல்லாமல் வரி போட்டேன்.
பச்சை பத்தாது என்றார்.
இன்னும் கொஞ்சம் கருக்கினேன்.

பத்து ஐம்பதுக்கு பேளூர் லாரி மேடை ஏறியது.
அர்த்தனாரியின் கண் எடை எண்ணில்,
கை தானாக இடது மூலைக்குப் போய்
மூன்றாவதில் நின்றது.
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு
சீட்டைத் துப்பியது.

பனிமலையை மாற்ற மறந்துபோனேன்.
மறுநாள் காலை, அவர் டிபன் டப்பாவோடு கிளம்பும்போது கேட்டேன்,
பழைய படத்தையே போட்டுவிடட்டுமா?

சேர்வராயன் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.
"இருக்கட்டுங்க.
ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தத் தகர ரூம்ல
அதப் பாத்தாக் கொஞ்சம் குளுருது."